கணுக்கால் உடைந்தால் எதற்கு அவசரம், எதற்குப் பொறுமை

போன ஐப்பசியில் என் மச்சான் பைக்கிலிருந்து விழுந்தார். பெரிய விபத்தெல்லாம் இல்லை. மழை விட்ட தெருவில், முக்குத் திரும்பும்போது மணலில் சக்கரம் வழுக்கி, வண்டி அப்படியே அவர் இடது கால்மேல் சாய்ந்துவிட்டது. எழுந்து நிற்கப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. குனிந்து பார்த்தால் பாதம் மட்டும் வெளிப்பக்கமாகத் திரும்பி, வேறு யாருடைய காலோ மாதிரி இருந்ததாம்.

மருத்துவமனையில் சேர்த்த இரவே ஆபரேஷன் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நடந்தது எட்டாவது நாள். நடுவில் ஒரு வாரம் முழுக்க எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சு. "எலும்பு உடைஞ்சவரைச் சும்மா படுக்க வெச்சிருக்காங்களே, பில் ஏத்துறாங்களா?" என்று அத்தை கேட்டார். "வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாம்" என்றார் பெரியப்பா. எனக்கும் பாதிச் சந்தேகம்தான். அப்புறம் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. அந்த ஒரு வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது யாராவது இதையெல்லாம் சொல்லமாட்டார்களா என்று தவித்தவன், அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணுக்கால் முறிவில் அவசரமான வேலை ஒன்று, காத்திருக்கக்கூடிய வேலை ஒன்று. விலகிப்போன மூட்டை அதன் இடத்தில் கொண்டுவந்து வைப்பது அவசரம். பிளேட்டும் ஸ்க்ரூவும் போடுவது பெரும்பாலும் அப்படியல்ல. நாங்கள் குடும்பமாகக் கூடி நின்று போட்ட சத்தமெல்லாம் இரண்டாவதைப் பற்றித்தான். முதல் வேலையோ, நாங்கள் கவுன்டரில் முன்பணம் கட்டிக்கொண்டிருந்தபோதே முடிந்துவிட்டிருந்தது.

கவிழ்ந்த ப

'ப' என்ற எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே ஒரு கூரை, இரண்டு பக்கமும் சுவர். கணுக்கால் மூட்டு ஏறக்குறைய அந்த வடிவம்தான். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உண்டு. பெரியது டிபியா, அதன் அடிப்பாகம் கூரையாகவும் உள்பக்கச் சுவராகவும் அமைகிறது. பக்கத்தில் ஒல்லியாக ஓடும் ஃபிபுலாதான் வெளிப்பக்கச் சுவர். கொலுசு உரசும் இடத்தில் இரண்டு பக்கமும் குமிழ் மாதிரி தட்டுப்படுகிறதே, அவை இந்தச் சுவர்களின் முனைகள். தடவிப் பார்த்தால் வெளிக்குமிழ் உள்குமிழைவிடக் கொஞ்சம் தாழ இருப்பது தெரியும். டிபியாவின் பின்புறத்தில் மூன்றாவதாக ஒரு விளிம்பும் இருக்கிறது, வெளியே தெரியாது. இந்தக் கவிழ்ந்த ப-வுக்குள் டேலஸ் என்ற எலும்பு கச்சிதமாக உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டுகிறது.

சுவர்கள் விலகாமல் பிடித்துவைத்திருப்பவை ஜவ்வுகள். அவற்றில் டிபியாவையும் ஃபிபுலாவையும் கணுக்காலுக்குச் சற்று மேலே சேர்த்து இறுக்கிக் கட்டியிருக்கும் கூட்டத்துக்கு சின்டெஸ்மோசிஸ் என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான். ஆனாலும் பின்னால் வரும், ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூட்டின் குணம் என்னவென்றால், மில்லிமீட்டர் கணக்கில்கூடச் சமரசம் செய்துகொள்ளாது. 1976-இல் ராம்ஸி, ஹாமில்டன் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். டேலஸ் எலும்பை வெளிப்பக்கமாக ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால், அதற்கும் கூரைக்கும் நடுவே தொட்டுக்கொள்ளும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்துவிடுகிறது என்று கண்டார்கள். யோசித்துப் பாருங்கள். உடம்பின் முழு எடையும் ஒவ்வொரு அடிக்கும் இறங்குகிற இடம். அந்த எடையைத் தாங்கும் பரப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்டால், மிச்சமிருக்கும் குருத்தெலும்பு இரட்டைச் சுமை சுமக்க வேண்டும். சில வருஷத்தில் தேய்ந்துபோகும். முழங்காலுக்கும் இடுப்புக்கும் மாற்று மூட்டு வைப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. கணுக்காலுக்கு அவ்வளவு சுலபமான வழி இல்லை. அதனால்தான் இந்தச் சின்ன மூட்டை வைத்து இவ்வளவு பேச்சு.

அதற்காக எல்லா முறிவுக்கும் ஆபரேஷன் தேவை என்று அர்த்தமில்லை. கணுக்காலை ஒரு வளையமாக நினைத்துக்கொள்ளலாம். வளையம் ஒரே இடத்தில் விட்டால் வடிவம் மாறாது. இரண்டு இடத்தில் விட்டால்தான் வாய் பிளக்கும். வெளிக்குமிழ் மட்டும் விரிசல் விட்டு, உள்பக்கத்து எலும்பும் ஜவ்வும் நன்றாக இருந்தால், டேலஸ் நகராது. அப்படிப்பட்டவருக்கு ஒரு கட்டோ பூட்ஸோ போட்டு நடக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஆறு வாரத்தில் சரியாகிவிடும். வெளிப்பக்கத்து எலும்போடு உள்பக்கத்தில் ஜவ்வோ எலும்போ ஏதாவது ஒன்றும் சேர்ந்து போனால்தான் ஆட்டம் காண்கிறது. ஃபிபுலா எந்த உயரத்தில் உடைந்திருக்கிறது என்பதை வைத்து ஏ, பி, சி என்று வெபர் வகைப்பாடு ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் தாளில் 'வெபர் பி' என்று எழுதியிருந்தால் மிரள வேண்டாம், அது உடைந்த இடத்தின் உயரம் மட்டும். மூட்டு நிலையாக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. டாக்டரிடம் கேட்க வேண்டியது அதைத்தான்.

சுளுக்கா, முறிவா என்று வீட்டிலேயே குழம்புகிறவர்களுக்கு 1992-இல் கனடாவின் ஒட்டாவாவில் உருவான ஒரு விதி உதவும். அடிபட்டதும் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது இரண்டு குமிழ்களில் ஏதாவது ஒன்றின் பின்விளிம்பில், நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டருக்குள், எலும்பை அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எண்ணெய் போட்டு உருவுவது அதற்கு அப்புறம் வேண்டுமா என்று யோசிக்கலாம். உடைந்த கணுக்காலை உருவி, ஒரு முறை 'சடக்' என்று இழுத்துவிட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் இன்றும் உண்டு. அதற்குள் எலும்பு கோணலாகவே ஒட்ட ஆரம்பித்திருக்கும். ஒட்டியதைப் பிரித்து மறுபடி நேராக்குவது, புதிதாக உடைந்ததைச் சேர்ப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

காத்திருக்கக் கூடாத வேலை

பாதம் திரும்பிக் கிடந்ததே, அதற்கு வருகிறேன். மூட்டு விலகிவிட்டது என்று அதற்குப் பொருள். அந்த நிலையில் உள்குமிழ்ப் பக்கத்துத் தோல், கூடாரத் துணியைக் கம்பு முட்டுவதுபோல், எலும்பு முனையால் உள்ளிருந்து முட்டப்பட்டு இழுபடும். வெளுத்துப்போகும். ரத்தம் ஓடாத தோல் சில மணி நேரத்தில் சாகத் தொடங்கிவிடும். பாதத்துக்குப் போகும் ரத்தக்குழாயும் நரம்பும்கூட மடங்கி நசுங்கலாம். அதனால், பார்த்தவுடன் டாக்டர் செய்ய வேண்டிய முதல் காரியம் மருந்து கொடுத்து வலியை அடக்கி, பாதத்தைப் பிடித்து இழுத்து நேராக்கி, அரைக்கட்டு போட்டு நிறுத்துவது. பிரிட்டன் எலும்பு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: தோலோ ரத்த ஓட்டமோ ஆபத்தில் இருந்தால் எக்ஸ்ரேவுக்குக்கூடக் காத்திருக்காதே, முதலில் நேராக்கு என்கிறது.

மச்சானுக்கு அதைச் செய்தவர் ஒரு இளம் ட்யூட்டி டாக்டர். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கலாம். ஒரு நர்ஸ் முழங்காலை மடக்கிப் பிடித்துக்கொள்ள, இவர் குதிகாலைப் பிடித்து இழுத்து உள்பக்கமாகத் திருப்பினார். மச்சான் கத்தியது வராந்தா வரை கேட்டது. பிறகு மேல்பாதத்தில் இரண்டு விரல் வைத்து நாடி பார்த்தார், உள்குமிழின் பின்னால் ஒரு முறை பார்த்தார், கட்டைவிரலை அசைக்கச் சொன்னார். கட்டுப் போட்ட பிறகு அதையே மறுபடியும் செய்தார். மொத்தம் கால்மணி நேரம்கூட இல்லை. அந்தக் கால்மணி நேரம்தான் அந்தக் காலைக் காப்பாற்றியது என்பது எங்களுக்கு அன்று தெரியாது. பெரிய டாக்டர் எப்போது வருவார் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கணுக்கால் முறிவு வகை ஒன்றுக்கே தன் பெயர் நிலைத்த பெர்சிவல் பாட் என்ற லண்டன் அறுவை மருத்துவரின் கதை இங்கே பொருந்தும். 1756-இல் அவர் குதிரையிலிருந்து விழுந்து கால் உடைந்தது. கூட்டம் கூடியவர்களை அவர் தன்னைத் தூக்கவே விடவில்லையாம். பனிக்காலத்து வீதியில் படுத்தபடியே ஒரு கதவை விலைக்கு வாங்கி வரச் சொல்லி, பல்லக்குக் கம்புகளை அதில் ஆணியடித்து, அந்தக் கதவின் மேல் ஆடாமல் அசையாமல் வீடு போய்ச் சேர்ந்தார் என்று சொல்கிறார்கள். காலை வெட்டியெடுக்க ஏற்பாடாகிவிட்ட நிலையில், அவருடைய ஆசிரியர் வந்து பார்த்து, வேண்டாம், காப்பாற்றிப் பார்க்கலாம் என்றாராம். கால் பிழைத்தது. ஒரு வேடிக்கை, அவருக்கு உடைந்தது அவர் பெயரால் அழைக்கப்படும் அந்த முறிவு அல்ல.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால் கணக்கே வேறு. அதில் காத்திருப்பு கிடையாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி, டெட்டனஸ் ஊசி, பிறகு தியேட்டரில் காயத்தைத் திறந்து மண், அழுக்கு, செத்த தசை எல்லாவற்றையும் கழுவி எடுப்பது. சாக்கடையோ வயல் சேறோ பட்டிருந்தால் உடனே, மற்றபடி 24 மணி நேரத்துக்குள். இதற்கு மேல் அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை, அது தனிக் கட்டுரைக்கு உரியது.

எலுமிச்சம்பழத் தோல்

சரி, மூட்டு இடத்துக்கு வந்துவிட்டது. எக்ஸ்ரேயும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஜவ்வு, எலும்பு எல்லாம் போனதால் கட்டுக்குள்ளேயே மறுபடி நழுவும். பிளேட் வைத்தே ஆக வேண்டும். எப்போது?

பழைய பாடம் இப்படிச் சொல்லும்: ஒன்று, முதல் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் செய்துவிடு, அல்லது வீக்கம் வடியும்வரை பொறு. நடுவில் கை வைக்காதே. ஏன் என்பதற்கு விடை கணுக்காலின் தோலில் இருக்கிறது. தொடையில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே கனமான சதை உண்டு. கணுக்காலில் சதையே கிடையாது. தோலைக் கிள்ளினால் அடுத்தது எலும்பு. அடிபட்டவுடன் முதலில் தெரியும் புடைப்பு பெரும்பாலும் ரத்தக்கட்டு. அதன்பின் ஒன்றிரண்டு நாளில் திசுக்களில் நீர் கோத்து வீங்குகிறது. தோலுக்குள் இடமில்லாமல் நீர் நிறைந்தால் தோல் விறைத்து, மேலடுக்கு பிரிந்து கொப்புளமாக எழும்புகிறது. அந்தத் தோலைக் கத்தியால் கீறி, உள்ளே ஒரு உலோகப் பட்டையையும் வைத்துவிட்டு, மறுபடி இழுத்துத் தைத்தால் என்ன ஆகும்? தையல் வாய் சேராது. சேர்ந்தாலும் ஓரம் கறுக்கும். பிறகு கிருமி உள்ளே போய் பிளேட்டில் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிதான்.

மச்சானுக்கு மூன்றாம் நாள் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். கணுக்கால் எது, கெண்டைக்கால் எது என்று தெரியவில்லை. தோல் பழுத்த எலுமிச்சம்பழம் மாதிரி மினுமினுவென்று இருந்தது. வெளிப்பக்கத்தில் இரண்டு கொப்புளம். ஒன்றில் தெளிந்த நீர், மற்றொன்றில் கருஞ்சிவப்பாக ரத்தநீர். ரத்தநீர்க் கொப்புளம் என்றால் தோல் இன்னும் ஆழத்தில் அடிபட்டிருக்கிறது என்று பொருளாம். டாக்டர் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் குமிழுக்குப் பக்கத்தில் தோலைச் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போனது. "சுருக்கம் விழட்டும் சார், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். கொப்புளத்தின் மேல் பஞ்சு வைத்து, மறுபடி கட்டி, காலை இரும்புச் சட்டத்தின்மேல் தூக்கி வைத்துவிட்டுப் போனார். நெஞ்சைவிடக் கால் உயரமாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்த ஒரு வாரத்து முக்கிய வைத்தியம். பாத்ரூம் போகக் காலைத் தொங்கவிட்டால் அரைமணி நேரத்தில் மறுபடி வீங்கிவிடும். மச்சானோ யாராவது பார்க்க வந்தால் மரியாதைக்குக் காலைக் கீழே இறக்கி உட்கார்ந்துகொள்வார். அக்காவிடம் தினமும் திட்டு வாங்கினார்.

எட்டாம் நாள் காலை டாக்டர் அதே இடத்தைப் பிடித்தார். ஊறுகாய்க்கு வெயிலில் போட்ட எலுமிச்சைபோல் வரி வரியாகச் சுருங்கியது. மத்தியானம் தியேட்டர்.

இதில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டு நாள் காத்திருந்தது சிறந்த வழி என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலுக்கு, அந்த நிலையில், சரியான வழி. வீக்கம் ஏறுமுன்பே செய்திருந்தால் இன்னும் நல்லது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கணுக்காலுக்கு ஆபரேஷன் என்று முடிவானால் அடிபட்ட அன்றோ மறுநாளோ செய்வதைப் பரிசீலியுங்கள் என்றுதான் இருக்கிறது. அப்படிச் செய்தால் படுக்கையில் கிடக்கும் நாளும் குறைகிறது, காலில் ரத்தம் உறையும் வாய்ப்பும் குறைகிறது, எலும்பு முனைகளும் புத்தம் புதிதாக, ஒன்றோடொன்று சட்டென்று பொருந்துகின்றன.

ஆனால் நம்மூரில் அது எத்தனை பேருக்கு வாய்க்கிறது? மச்சானைக் கொண்டுபோனது இரவு ஒன்பது மணிக்கு. அதற்குச் சற்று முன்தான் பரோட்டா சாப்பிட்டிருந்தார். சர்க்கரை 310. மயக்க மருந்து டாக்டர் ஃபிட்னஸ் தரவில்லை. மறுநாள் எக்கோ எடுத்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதற்குள் கால் வீங்கிவிட்டது. சில இடங்களில் தியேட்டர் காலியில்லை, சி-ஆர்ம் (தியேட்டருக்குள்ளேயே எக்ஸ்ரே காட்டும் கருவி) வேலை செய்யவில்லை, சரியான அளவு பிளேட் வந்து சேரவில்லை, இன்ஷூரன்ஸ் அனுமதி வரவில்லை என்று நாள் போகும். இதனால் நான் கண்டுகொண்டது இதுதான்: "எப்போ ஆபரேஷன்?" என்று கேட்பதைவிட "எதுக்காகக் காத்திருக்கோம்?" என்று கேட்பது நல்லது. "தோலுக்காக" என்று பதில் வந்தால் வாயை மூடிக்கொண்டு காலை உயரத் தூக்கி வையுங்கள். "தியேட்டருக்காக" என்றால் கொஞ்சம் சத்தம் போடலாம், வேறு இடம் விசாரிக்கலாம். இரண்டு வாரத்தைத் தாண்டினால் முறிவுக்குள் புதுத் திசு வளர்ந்து அடைத்துக்கொள்ளும். துண்டுகளைத் துல்லியமாகப் பொருத்துவது கடினமாகிவிடும்.

சாலை விபத்து என்றால் இன்னொன்று. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், இணைந்திருக்கும் மருத்துவமனைகளில் விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, குறிப்பிட்ட வரம்புக்குள், அரசே ஏற்கிறது. அந்த மருத்துவமனை இதில் இருக்கிறதா என்று சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை. நான்காம் நாள்தான் ஞாபகம் வந்தது.

கூரையையே நொறுக்கும் முறிவு ஒன்று உண்டு, பைலான் என்பார்கள். மாடியிலிருந்து விழுந்தவர்களுக்கு வரும். அதில் வேண்டுமென்றே இரண்டு கட்டமாகச் செய்வார்கள். முதல் நாளே வெளியில் கம்பிச் சட்டம் பொருத்தி நீளத்தைக் காப்பாற்றிவிட்டு, சி.டி. ஸ்கேன் எடுத்துத் திட்டமிட்டு, பத்துப் பதினாலு நாள் கழித்துத் தோல் சுருங்கியதும் உள்ளே போவார்கள். உறவினர்களுக்கு இது இரண்டு தடவை காசு பிடுங்குவது மாதிரி தெரியும். தோலைக் காப்பாற்றக் கண்ட வழி இது.

நல்ல ஆபரேஷன் என்றால்

தேதி ஒரு பாதி என்றால், உள்ளே என்ன நடந்தது என்பது மறுபாதி. நாம் தியேட்டருக்குள் போக முடியாது. ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் எக்ஸ்ரேவைக் கையில் வாங்கும்போது கேள்வி கேட்க வரும்.

வழக்கமாக ஃபிபுலாவைத்தான் முதலில் சரிசெய்வார்கள். அதன் நீளமும் முறுக்கும் பழையபடி வந்துவிட்டால் மூட்டின் பாதிக் கணக்கு தீர்ந்தது. இரண்டு மில்லிமீட்டர் குட்டையாக ஒட்டினால் டேலஸ் வெளியே சாயும். வெளிப்பக்கம் ஒரு பிளேட், உள்குமிழுக்கு இரண்டு ஸ்க்ரூ, பின்விளிம்புத் துண்டு பெரிதாக இருந்தால் அதற்கும் ஒரு பிடிமானம். கத்தி வைக்குமுன் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போயிருக்க வேண்டும்.

இத்தனையும் முடிந்தபின்தான் முன்னே சொன்ன சின்டெஸ்மோசிஸ் வருகிறது. ஃபிபுலாவைக் கொக்கியால் மெதுவாக வெளியே இழுத்து, சி-ஆர்ம் திரையில் இரண்டு எலும்பும் விலகுகிறதா என்று பார்ப்பார்கள். விலகினால் இரண்டையும் சேர்த்து ஒரு நீள ஸ்க்ரூவோ, இரு முனையிலும் பொத்தான் வைத்த உறுதியான நூலோ போடுவார்கள். என் பார்வையில் தரம் என்பது இங்கேதான் தெரிகிறது. அனுபவசாலிகளும் சறுக்கும் இடம் இது. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவமனையில் செய்யப்பட்ட 5,123 கணுக்கால் ஆபரேஷன்களை ஆராய்ந்தபோது, எலும்பு சரியாகப் பொருந்தாததால் 79 பேரை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக நேர்ந்திருக்கிறது. அதில் பாதிக்கு மேல் சின்டெஸ்மோசிஸ் கோளாறு. எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் வேறொரு ஆய்வு கொஞ்சம் பயமுறுத்துகிறது. 2006-இல் வெளியான அதில், சின்டெஸ்மோசிஸ் சரிசெய்யப்பட்ட 25 பேருக்கு ஆபரேஷனுக்குப் பின் சி.டி. எடுத்தார்கள். 13 பேருக்கு ஃபிபுலா தன் குழியில் சரியாக உட்காரவில்லை. சாதா எக்ஸ்ரேயில் அவர்களில் சிலரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள். பாதத்தைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பி எடுத்த படம் ஒன்று இருக்கும். அதில் கவிழ்ந்த ப தெளிவாகத் தெரியும். டேலஸைச் சுற்றி மேலேயும் இரு பக்கமும் ஒரு கறுப்புக் கோடு ஓடும். அதுதான் மூட்டு இடைவெளி. அந்தக் கோடு எங்கும் ஒரே அகலமாக இருக்கிறதா? உள்பக்கம் மட்டும் அகன்று போயிருந்தால், "டாக்டர், இந்தப் பக்கம் ஏன் அகலமா இருக்கு?" என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல டாக்டர் கோபப்படமாட்டார். சரியில்லை என்று தெரிந்தால் முதல் வாரத்திலேயே திருத்துவது சுலபம், ஆறு மாதம் கழித்து மிகக் கஷ்டம்.

பிளேட்டின் விலை பற்றி ஒரு வார்த்தை. டைட்டானியம், லாக்கிங் பிளேட் (ஸ்க்ரூவின் தலை பிளேட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வகை) என்று விலைப்பட்டியல் காட்டினால் உடனே "உசத்தியானதையே போடுங்க" என்று சொல்லிவிடுகிறோம். எலும்பு கெட்டியாக இருக்கும் நடுவயதுக்காரருக்குச் சாதாரண பிளேட்டே பெரும்பாலும் போதும். லாக்கிங் பிளேட் உண்மையில் உதவுவது எலும்பு பூப்போல மென்மையாகிவிட்ட முதியவர்களுக்கு.

அறுபதைத் தாண்டியவர்களும் சர்க்கரைக்காரர்களும்

முதியவர்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபரேஷனா, மயக்கம் கொடுத்து நேராக்கிக் காலோடு ஒட்டினாற்போல் போடும் மாவுக்கட்டா என்று பிரிட்டனில் 24 மருத்துவமனைகள் 620 பேரை வைத்து ஒப்பிட்டன. முடிவு 2016-இல் வந்தது. ஆறு மாதம் கழித்து நடமாட்டத்தில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆபரேஷன் செய்தவர்களில் 10 சதவீதத்தினருக்குக் காயத்தில் தொல்லை அல்லது தொற்று, மாவுக்கட்டில் 1 சதவீதம். ஆனால் மாவுக்கட்டில் எலும்பு கோணலாகச் சேர்ந்தவர்கள் 15 சதவீதம், ஆபரேஷனில் 3. மாவுக்கட்டில் ஆரம்பித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பிறகு ஆபரேஷனே தேவைப்பட்டது. ஆக, பாட்டிக்கு மாவுக்கட்டு போதும் என்று டாக்டர் சொன்னால் அது அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வாராவாரம் எக்ஸ்ரே எடுத்து நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டைப் போட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் அலட்சியம்.

சர்க்கரைக்காரர்களுக்கு இரண்டு தொல்லை. காயம் ஆறத் தாமதம், பாதத்தில் உணர்வு குறைவு. உணர்வு இல்லாதவர் வலி தெரியாமல் காலை ஊன்றி, போட்ட ஸ்க்ரூவையே பிடுங்கிவிடுவார். அதனால் கூடுதல் ஸ்க்ரூ போட்டு, மற்றவர்களைவிட ஏறக்குறைய இரட்டிப்பு நாள் ஊன்றாமல் வைத்திருப்பார்கள். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் அன்றே நிறுத்துவது எந்த உசத்தியான பிளேட்டைவிடவும் பயன் தரும்.

அப்புறம்

முன்பெல்லாம் ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்பார்கள். 2024-இல் பிரிட்டனின் 23 மருத்துவமனைகளில் 560-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வந்தது. ஆபரேஷன் முடிந்து இரண்டாவது வாரத்திலேயே ஊன்ற ஆரம்பித்தவர்கள், ஆறு வாரம் காத்திருந்தவர்களைவிட எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. எல்லோருக்கும் இது பொருந்தாது. மச்சானுக்குச் சர்க்கரை இருப்பதால் டாக்டர் பத்து வாரம் என்றார். வாக்கரை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஒற்றைக் காலில் தத்திக்கொண்டு திரிந்தார்.

வண்டி எப்போது ஓட்டலாம் என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. வலது கணுக்காலில் ஆபரேஷன் ஆனவர்கள் கார் பிரேக்கைப் பழைய வேகத்தில் மிதிக்க ஒன்பது வாரம் ஆகிறது என்று ஒரு அமெரிக்க ஆய்வு உண்டு. இவருக்கு இடது கால். பைக்கில் கியர் அந்தப் பக்கம். கியரை மேலே தூக்கும்போது கணுக்கால் மடங்குவதை நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். அவர் இப்போது கவனிக்கிறார். நான்காம் மாதம் முடிந்துதான் மெதுவாகத் தெரு முனைவரை போய் வந்தார்.

சாயங்காலமானால் இன்னும் கால் வீங்குகிறது. சாக்ஸ் போட்ட இடத்தில் பள்ளம் விழுகிறது. ஒரு வருஷம்வரைகூட அப்படி இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் மச்சான் தினமும் ராத்திரி படுக்கப் போகும்முன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு விரலால் குமிழுக்குப் பக்கத்தில் தோலைக் கிள்ளிப் பார்க்கிறார். சுருக்கம் விழுந்தால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிறார். விழாவிட்டால் அக்காவிடம் இன்னொரு தலையணை கேட்கிறார்.